உறை ஊற்றிய எண்ணெய்

மூன்றாவது வண்டியும் அதே குறையோடு வந்து நின்றபோது மிதுனா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள்.

வண்டியை ஓட்டி வந்தவன் சபரீஷ். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் டாக்சிக்காரன், முப்பது வயதுகூட ஆகவில்லை. கழுத்தில் பட்டை போட்டிருந்தான். தலையைத் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் திருப்பித் திருப்பிப் பேசினான்.

“நேர் ரோடுங்க்கா. வளைவு இல்ல, பள்ளம் இல்ல, முன்னாடி ஒரு நாய்கூட இல்ல. காலு ஆக்சிலேட்டர் மேல அசையாம இருக்குது. திடீர்னு வண்டி ரெண்டு கியர் இறங்கிப்போச்சு. யாரோ வாலைப் புடிச்சு இழுத்த மாதிரி. பின்னால வந்த தக்காளி வேன்காரன் ஏத்திட்டான்.”

“உள்ள ஆள் இருந்தாங்களா?”

“சேலத்துக் குடும்பம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்தம்மா இறங்கி நின்னு என்னையத் திட்டுனாங்க பாருங்க, என்ற ஆத்தாகூட அப்படித் திட்டுனதில்ல.”

முன் மேசையில் உட்கார்ந்திருந்த அஸ்கர் சிரித்தார். பணிமனையில் பாதி அவருடையது. வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவர், கியர்பாக்ஸுக்கு அடியில் படுப்பது மிதுனா. பதினொரு வருடங்களாக அப்படித்தான். மிதுனா சிரிக்கவில்லை. கடந்த பத்து நாட்களில் வந்த இரண்டு வண்டிக்காரர்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். வளைவில் ஒன்றும் இல்லை, இறக்கத்தில் ஒன்றும் இல்லை, காலை அசைக்காமல் நேராகப் போகும்போது மட்டும் இழுக்கிறது.

மின்சார வண்டிகள் வந்த பிறகு கியர்பாக்ஸ் என்பதே மறைந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சமவெளியில் மறைந்தும் விட்டது. மலைச்சாலைதான் அதைக் காப்பாற்றியது. நாற்பது கிலோமீட்டர் இறக்கத்தில் மோட்டாரையும் பிரேக்கையும் மட்டும் நம்பி இறங்கிய வண்டிகள் சூடேறி நின்றன. சில நிற்காமலும் போயின. மலைக்கு ஓடும் வண்டிகளுக்கு மறுபடியும் தானியங்கி கியர் வந்தது. அதோடு புது எண்ணெயும் வந்தது.

“ஆயில் மாத்தி எட்டு மாசந்தானுங்க்கா ஆச்சு?” என்றான் சபரீஷ். “நீங்கதான மாத்துனீங்க. ஃபில்டரும் புதுசு. அப்புறம் எப்படிக் கெடும்?”

“கெடல. படிச்சிருக்குது.”

“என்னது?”

மிதுனா ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். “இந்த ஆயில் பழைய காலத்து ஆயில் மாதிரி சும்மா வழவழன்னு இருக்கறது இல்ல. கண்ணுக்குத் தெரியாத துகள் அதுல மிதக்குது. உன் கால் எப்ப அழுத்துது, எப்ப எடுக்குதுன்னு பாத்துப் பாத்து அது பழகிக்கும். எந்த இடத்துல கெட்டியாகணும், எங்க இளகணும், எப்பக் கியர் மாத்தணும், எல்லாமே ஆயில் முடிவு பண்றதுதான். புது ஆயிலுக்கு ஒண்ணும் தெரியாது. மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுனாத்தான் உன் காலைப் படிக்கும். அது வரைக்கும் வண்டி வெட்டி வெட்டித்தான் போகும்.”

“எனக்கு வெட்டவே இல்லயே.”

“நான் உறை ஊத்துனேன்.”

சபரீஷ் விழித்தான். அஸ்கர் எழுந்து வந்தார். இந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் வந்த வேகத்தில் தெரிந்தது.

“பாலுக்கு மோர் விடற மாதிரி,” என்றாள் மிதுனா. “நல்லா ஓட்டற ஒருத்தர் வண்டியில இருந்து வடிச்ச ஆயில ஒரு டம்ளர் எடுத்து வெச்சுக்குவோம். புது ஆயில்ல அதைக் கலந்தா, கொஞ்ச நாள்ல மொத்த ஆயிலுக்கும் அந்தப் பழக்கம் பரவிரும். வெட்டாது.”

“யாரோடதுங்க எனக்கு ஊத்துனது?”

“போஜண்ணனோடது.”

“குன்னூர் போஜண்ணனா?” சபரீஷ் தன் வண்டியை வேறு கண்ணால் பார்த்தான். “சொல்லியிருக்கலாமில்லீங்க. எட்டு மாசமாப் பெருமையா ஓட்டியிருப்பேன்.”

அவனை அனுப்பிவிட்டு மிதுனா வண்டியை மேலே தூக்கினாள். அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, எண்ணெயை அகலத் தொட்டியில் வடியவிட்டு, வடிகட்டியை எடுத்தாள். தட்டில் ஒட்டியிருந்த காந்தங்களில் இரும்புத்தூளின் சாம்பல் நிறப் பூ வழக்கம்போல் கொஞ்சம்தான் இருந்தது. இரும்பு அதிகம் தேயவில்லை. வடிகட்டியை வாளால் இரண்டாக அறுத்து விரித்தாள்.

தேய்ந்த துகள்கள் வடிகட்டியின் மடிப்பில் படிந்துகொண்டே வரும். ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்று அந்தப் படிவைப் பார்த்தே அவளால் சொல்ல முடியும். அவசரக்காரன் வடிகட்டி திட்டுத்திட்டாக இருக்கும். நிதானக்காரனுடையது பூசி மெழுகியதுபோல் இருக்கும். இதில் நுணுக்கமான கோடுகள் ஓடின. சீப்பால் வாரிவிட்ட மாதிரி நெருக்கமாக, ஒரே இடைவெளியில். முந்தைய இரண்டு வண்டிகளின் வடிகட்டிகளைக் குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். மூன்றும் ஒன்று.

“அஸ்கர்ணா, இங்க வாங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “இதென்ன, கார்டுராய் பேண்ட் மாதிரி?”

“மூணுக்கும் ஒரே உறை. போன வருசம் போஜண்ணன் வண்டியில எடுத்த கேன்.”

“அதுக்கு முந்தின வருசமும் அவருதுதான ஊத்துன. எவனும் வாய் திறக்கலியே.”

“அதான் எனக்கும் புரியல.”

“எத்தன வண்டிக்கு ஊத்துன இந்தக் கேன்ல?”

மிதுனா தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “பத்தொம்பது.”

அஸ்கர் சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார். எண்ணெய்க் கம்பெனியின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருப்பது இருவருக்கும் தெரியும்: பழைய எண்ணெயில் ஒரு சொட்டுகூடத் திரும்பச் சேர்க்கக் கூடாது. ஊரில் சேர்க்காத பணிமனை கிடையாது. ஆனாலும் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான்.

“மூணு பேருக்கும் புது ஆயில் மாத்திக் குடுத்துரு,” என்றார் தணிந்த குரலில். “மீதிப் பேர் வந்தா வரட்டும். நீயாப் போன் போட்டு, நாங்கதான் கலந்தோம்னு சொன்னேன்னு வையி, அடுத்த நாளே நம்ம கதவுல சீல்.”

“அடுத்த தக்காளி வேன் நேர் ரோட்டுல வராது அஸ்கர்ணா. குஞ்சப்பனை இறக்கத்துல வரும்.”

“ஏம்மா, கெட்டதையே பேசாத.”

அவள் போஜராஜுக்குப் போன் செய்து, எண்ணெய் மாற்றும் நாள் நெருங்கிவிட்டதென்று காரணம் சொல்லி, மறுநாள் வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். அவர் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் பத்தொன்பதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

போஜராஜ் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. குன்னூருக்கு மேலே இருக்கும் ஒரு படகர் ஊர்க்காரர். முப்பது வருடமாக அந்த மலைச்சாலையில் ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. சமவெளி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். வலது கை அதன் பையிலேயே இருந்தது.

“என்ன அம்மிணி, அவசரமாக் கூப்பிட்ட. எனக்குப் பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?”

“உங்க வீட்டுல இருக்கறவங்ககிட்டக் கேட்டுட்டுப் பாக்கறேன்ணா.”

“அவ சரின்னு சொல்லிருவா. அதான் பயமா இருக்குது.”

எண்ணெய் வடியும் வரை அவர் டீ குடித்தார். மிதுனா வடிகட்டியை அறுத்தாள். அதே கோடுகள். இன்னும் ஆழமாக, இன்னும் நெருக்கமாக. ஆறரை லிட்டர் வடிந்தது. வடிந்ததைத் தனி வாளியில் மூடி வைத்தாள். தட்டைத் துடைத்து, காந்தங்களைச் சுத்தம் செய்து, புது வடிகட்டியும் கேஸ்கெட்டும் போட்டு, அதே ஆறரை லிட்டர் புது எண்ணெயை ஊற்றினாள். உறை ஊற்றவில்லை.

“கல்லாறு தாண்டி ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்ணா. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

ஏற்றத்தில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. “புது மாப்பிள்ள மாதிரி வாசலுக்கு வாசல் நின்னு நின்னு போகுதே,” என்றார் போஜராஜ். மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். பாக்கு மரங்களுக்கு மேலே மேகம் கூடியிருந்தது. மிதுனா கேட்பதற்காகவே உட்கார்ந்திருந்தாள். கியர் இறங்கும் சத்தத்தை, அதற்கு முன்னால் வரும் சின்ன இழுப்பை.

வளைவு வந்தது. கீழேயிருந்து அரசுப் பேருந்து ஒன்று அகலமாகத் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. வண்டி கியர் இறங்கவில்லை. போஜராஜின் காலும் எழவில்லை. அவர் பேருந்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. வண்டி தானாக வேகம் குறையும் என்று உறுதியாக நம்பும் ஒருவரின் முகம் அது.

மிதுனா கைப்பிரேக்கை இழுத்தாள்.

வண்டி சறுக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பேருந்து ஓட்டுநர் வசை பாடத்தான் தலையை வெளியே நீட்டினார். ஆளை அடையாளம் கண்டதும் குரல் மாறியது. “என்னண்ணா, உடம்பு சரியில்லயா?”

அந்த மரியாதை போஜராஜை அறைந்தது தெரிந்தது.

மிதுனா கீழே பார்த்தாள். பெடலின் மேல் ஓய்ந்திருந்த அவர் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிய நடுக்கம் இல்லை. பெருவிரல் பக்கம் மட்டும், தையல் இயந்திரத்தின் மிதிபலகைபோல, ஒரே சீராக. “காலை எடுங்கண்ணா,” என்றாள். எடுக்கத் தொடங்குவதற்கு முன் நடுக்கம் நின்றது. நின்று, ஒரு கணம் கழித்துத்தான் கால் எழுந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தது நல்லதாக இல்லை.

திரும்பும்போது வண்டியை அவள் ஓட்டினாள். பணிமனைக்கு வந்ததும் உட்காராமலே பேசினாள்.

“கால் சும்மா இருக்கறப்ப நடுங்குது. எடுக்கணும்னு நீங்க நெனச்ச உடனே நடுக்கம் நிக்குது. ஆனா கால் லேட்டாத்தான் வருது. ஆயில் இதைக் கவனிச்சிருக்குதுண்ணா. நடுக்கம் நின்னா அடுத்தது பிரேக்குன்னு படிச்சுக்கிச்சு. கால் வர்றதுக்கு முன்னாடியே அது கியர இறக்கி உங்களைக் காப்பாத்திட்டு இருந்திருக்குது. எத்தன நாளாவோ.”

“அதுக்கும் சபரீஷ் வண்டிக்கும் என்னம்மா?” என்றார் அஸ்கர்.

“அவன் கால் நடுங்காதே. நல்ல கால். இந்த உறையப் பொறுத்தவரைக்கும் நடுங்காத கால்னா பிரேக் போடப்போற கால். அதான் நேர் ரோட்டுல புடிச்சு இழுக்குது.”

போஜராஜ் பையிலிருந்து கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார்.

“கையி தெரியும்,” என்றார். “குளிர்னு நெனச்சேன். அப்புறம் நெனக்கறதையே விட்டுட்டேன். காலு சத்தியமாத் தெரியாது அம்மிணி.”

“டாக்டர்கிட்டக் காட்டணும்ணா.”

“காட்டலாம். காட்டுனா டிரைவர் பேட்ஜ் போயிரும்.” அவர் மூடி வைத்த வாளியைப் பார்த்தார். “அந்த ஆயில என்ற வண்டிக்கே ஊத்திரு.”

“அண்ணா...”

“கேளு. மத்தவங்க வண்டியில அது தப்பு. என்ற வண்டியில என்ன தப்பு? நேத்து வரைக்கும் ஒரு கீறல் உண்டா? இன்னைக்கு முட்டப்போனது நீ மாத்துனதுனாலதான. நொண்டி ஊன்றுகோல் வெச்சுக்கறான். புடுங்குவியா?”

அஸ்கர் தொண்டையைச் செருமினார். “அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குது மிதுனா. யாருக்கும் தெரியப்போறதில்ல.”

மிதுனா மேசைக்கும் வாளிக்கும் இடையே நடந்தாள். நியாயம் இருந்தது, அதுதான் சிக்கல். அந்த வாளியில் இருந்தது அவரை அவரைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று. இன்று ஊற்றினால் இன்று மாலை அவர் குன்னூருக்குப் பத்திரமாகப் போய்விடுவார். நாளைக்கும் போய்விடுவார்.

“கோல் இருக்கறது நொண்டிக்குத் தெரியுங்கண்ணா. எப்ப வழுக்கும்னும் தெரியும். உங்களுக்கு இது இருக்கறதே தெரியாம இருந்துச்சே. இது உங்க வேலையப் பாக்கப் பாக்க நீங்க உங்க காலை மறந்துட்டீங்க. ஒரு நாள் எடுக்கறப்பவும் நடுக்கம் நிக்காது. அன்னைக்கு ஆயிலுக்கு ஒரு சேதியும் கிடைக்காது. அது சும்மா இருக்கும். உங்க கால் லேட்டா வரும். பின் சீட்டுல யாரோ இருப்பாங்க.”

“முப்பது வருசம்,” என்றார் போஜராஜ். “இனி பஸ்ல போகணும். கண்டக்டர் எங்கிட்ட டிக்கெட் கேப்பான். இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல.”

மிதுனா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கழிவு எண்ணெய்ப் பீப்பாயின் மூடியைத் திறந்து ஊற்றினாள். ஆறரை லிட்டர் தீர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. உறைக் கேனில் மிச்சமிருந்ததையும் அதிலேயே கவிழ்த்தாள். திரும்பி வந்தபோது போஜராஜ் பெஞ்சில் உட்கார்ந்து தன் வண்டிச் சாவியை முழங்கால் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பேருந்து இரண்டரைக்கு என்று அஸ்கர் சொன்னதற்குத் தலையசைத்தார். அவளைப் பார்க்கவில்லை.

அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து முதல் எண்ணுக்குப் போன் செய்தாள். அஸ்கர் தடுக்கவில்லை, தடுக்கும் எண்ணத்தில் எழுந்தவர், எதிரே பெஞ்சில் இருந்தவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே விஷயத்தைச் சொன்னாள். தப்பு எங்களுடையது, மலை ஏற வேண்டாம், வண்டியைக் கொண்டு வாருங்கள், புது எண்ணெய் ஊற்றித் தருகிறோம், கொஞ்ச நாள் வெட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவர் நன்றி சொல்லி அவளைத் தலைகுனிய வைத்தார். கேட்ட எல்லாருக்கும் அந்த இழுப்பு வந்திருந்தது. சிலருக்குப் பலமாக, சிலருக்கு லேசாக. சொல்ல வெட்கப்பட்டு, தங்கள் ஓட்டுதலில்தான் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். ஏற்கெனவே வந்த மூவரையும் சேர்த்துப் பதினெட்டு பேர் முடிந்தார்கள்.

பத்தொன்பதாவது லிடியா. குன்னூரில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். முப்பத்தாறு வயது. மிதுனா களைத்துப்போய் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

“சொல்லுங்க்கா. பாதி மலையில, பர்லியார்ல நிக்கறோம். கோயமுத்தூர்ல பொண்ணுங்களுக்குக் கபடி மேட்ச். பதினோரு பேரும் பன்னத் தின்னு தீத்துட்டாங்க.”

“லிடியா, வண்டி எப்படிப் போகுது? நேர் ரோட்டுல பின்னாடி இழுக்கற மாதிரி இருக்குதா?”

“இழுக்கறதா? நீங்க வேற. வெண்ணெய்யாப் போகுது. நான் நெனக்கறதுக்கு முன்னாடி அதுவாக் கியர் இறங்கிக்குது. இப்பிடி ஒரு வண்டி நான் ஓட்டுனதே இல்ல. உங்களுக்கு ஒரு பாக்கெட் ஊட்டி வர்க்கி வாங்கிட்டு வரணும்னு நானே நெனச்சிட்டு இருந்தேன்.”

“அப்பாடா,” என்றார் அஸ்கர் மெதுவாக. “ஒருத்தியாவது நல்லாயிருக்குன்னு சொன்னாளே.” பிறகு மிதுனாவின் முகத்தைப் பார்த்தார். பெஞ்சிலிருந்து போஜராஜ் எழுந்து நின்றிருந்தார். அஸ்கரின் வாய் திறந்தபடியே நின்றது.

பதினெட்டு நல்ல கால்கள் அந்த எண்ணெயோடு ஒத்துப்போகவில்லை. இந்தக் கால் ஒத்துப்போகிறது.

மிதுனா அவசரமாக யோசித்தாள். அங்கேயே நில் என்று சொல்லலாம். யாராவது மேலே போய் வேனை எடுத்து வரலாம். ஆனால் யார்? போஜண்ணனை இனி மலையில் ஓட்டவிட முடியாது, மாற்று வேன் எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது. எந்த நடுங்காத காலை வைத்தாலும் அந்த வேன் ஒவ்வொரு நேர்ச்சாலையிலும் வெட்டி இழுக்கும், பின்னால் லாரிகள், உள்ளே பதினொரு பிள்ளைகள். அந்த எண்ணெயோடு அந்த வேனை இந்த மலையிலிருந்து பத்திரமாக இறக்கக்கூடியவள் இப்போதைக்கு லிடியா ஒருத்திதான்.

“லைன்ல இருக்கீங்களா அக்கா?”

“இருக்கறேன். நீங்களே ஓட்டிட்டு வாங்க. வேற யார் கையிலயும் குடுத்துராதீங்க. மெதுவா வாங்க. இங்க வந்து நிறுத்துங்க.”

“ஏதாச்சும் பிரச்னைங்களா?”

மிதுனாவால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை. போஜராஜ் போனுக்குக் குனிந்தார்.

“பாப்பா, நான் குன்னூர் போஜராஜ் பேசறேன். நானும் கீழதான் இருக்கறேன். உன்னப் பாக்கோணும், அதான் நிறுத்தச் சொன்னேன்.”

“போஜண்ணனா? அட, நாப்பது நிமிசத்துல வந்தர்றேன்ணா.”

போன் அணைந்தது. அஸ்கர் ஏற்கெனவே தன் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கோயமுத்தூருக்கு ஏற்றிப் போக ஒரு வேன் வேண்டும், உடனே வேண்டும், இல்லை, உறை எல்லாம் ஊற்றாத வண்டி என்று அவர் கத்துவது பாதி ஊருக்குக் கேட்டிருக்கும்.

“நான் சொல்றேன் அவகிட்ட,” என்றார் போஜராஜ். “நீ ஆயில் கெட்டுப்போச்சுன்னு ஆரம்பிப்ப. அது சுத்தி வளைக்கறது. எனக்குச் சுத்தி வளைக்க வேண்டியதில்ல.”

இரண்டரை மணிப் பேருந்து வந்து நின்று அவர் இல்லாமல் போயிற்று. தூறல் விழத் தொடங்கியது. மூவரும் வாசலில் நின்று மலைப்பக்கம் பார்த்தார்கள். மிதுனா ஒவ்வொரு வளைவாக மனத்துக்குள் இறங்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரு கால் நடுங்குவதை நிறுத்தியது, ஒவ்வொன்றிலும் எண்ணெய் அதற்குக் காத்திருந்து பிடித்துக்கொண்டது.

மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மஞ்சள் வேன் திருப்பத்தில் தெரிந்தது. உள்ளே பெண்பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு இருபது அடி முன்னால் பிரேக் விளக்கு எரிவதற்கு முன்பே வேன் கியர் இறங்கி, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், தண்ணீர் தளும்பாத சொம்பை வைப்பதுபோல் வந்து நின்றது. இருபது வருடத்தில் இவ்வளவு நேர்த்தியாக நின்ற ஒரு வண்டியை மிதுனா பார்த்ததில்லை.

லிடியா கண்ணாடியை இறக்கிச் சிரித்தாள். போஜராஜ் தூறலில் இறங்கி, பிள்ளைகள் இருந்த பக்கத்தைச் சுற்றிக்கொண்டு, அவள் கதவை நோக்கி நடந்தார்.